மேப்பிள் போட்ட குட்டி பேகல்: பாகு மாவுக்குள்ளேயா, மேலேயா?

புதுக்கை:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா ஒரே விஷயத்தோட போராடிக்கிட்டு இருக்கேன், உதவி வேணும்.

பெரிய பேகல் (வளையமா உருட்டி, கொதிதண்ணியில போட்டு எடுத்து, ஓவன்ல சுடுற ரொட்டி) எனக்கு நல்லாவே வருது. மேல்தோல் பளபளப்பா, உள்ளே இழுத்துக் கடிக்கிற மாதிரி. அதையே ரெண்டு வாயில முடியுற அளவுக்குச் சின்னதா, சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் பாகு (மேப்பிள் மரத்துச் சாறைக் காய்ச்சினது) ஊத்திப் பண்ணலாம்னு ஆசைப்பட்டேன். மூணு தடவை பண்ணியாச்சு, மூணும் சரியா வரலை.

நான் எடுத்த அளவு: பிரெட் மாவு 400 கிராம், தண்ணி 240 கிராம், மேப்பிள் பாகு 120 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உப்பு 8 கிராம். பெரிய பேகலுக்கு இதே 240 தண்ணியில 20 கிராம் சர்க்கரை போடுவேன். மேப்பிள் வாசனை தூக்கலா இருக்கட்டும்னு பாகை 120 ஆக்கினேன்.

நடந்தது என்னன்னா, மாவு கையிலே அப்பிக்கிச்சு. ரெண்டு மணி நேரம் வெச்சும் உப்பலை. கொதிதண்ணியில போட்டதும் வளையம் கலைஞ்சு தட்டையாச்சு. ஓவன்ல பத்தாவது நிமிஷமே அடி கறுத்துப் போச்சு, நடுவுல இன்னும் பச்சை மாவு. இதையெல்லாம் விட மனசுக்குக் கஷ்டமா இருந்தது, அவ்வளவு பாகு ஊத்தியும் மேப்பிள் வாசனையே இல்லை. வெறும் இனிப்பு ரொட்டி சாப்பிட்ட மாதிரி இருந்தது. எங்கே தப்பு பண்றேன்?

தராசு:

பாகுல மூணுல ஒரு பங்கு தண்ணி. 120 கிராம் பாகுன்னா 40 கிராம் தண்ணி, 80 கிராம் சர்க்கரை. உங்க மாவுல மொத்தத் தண்ணி 280, அதாவது மாவு எடையில 70 சதவீதம். பேகலுக்கு 55 பக்கம்தான் இருக்கணும். சர்க்கரை 20 சதவீதம். முதல்ல இந்த ரெண்டு எண்ணையும் சரி பண்ணுங்க.

நொதி:

தராசு சொன்ன கணக்கு சரி. அந்த 20 சதவீதம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை பிடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். கொஞ்சமாக இருந்தால் உண்மைதான். மாவின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், சுற்றியிருக்கும் சர்க்கரை ஈஸ்ட்டின் உடம்பிலிருந்தே தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையேதான் இது. ஈஸ்ட் சாகாது, ஆனால் சுருண்டுவிடும். ரெண்டு மணி நேரத்தில் உப்பாததற்கு அதுதான் காரணம். இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட் விற்கிறார்கள், அது இதைத் தாங்கும். ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன், கீழே சொல்கிறேன்.

அடுத்தது குளூட்டன், அதாவது மாவின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து உருவாகும் இழுவையான வலை. சர்க்கரையும் மாவும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடும். சர்க்கரை முந்திக்கொள்வதால் குளூட்டன் கட்டமைய அதிக நேரம் பிடிக்கும். பேகலுக்கு இழுவை தருவதே அந்தக் கட்டுதான். அது இல்லாத வளையம் கொதிநீரில் உருவம் இழக்கும்.

அடி கறுத்ததற்கும் இதே கதைதான். மேப்பிள் பாகிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ், நாம் கடையில் வாங்கும் சாதாரணச் சர்க்கரைதான். மாவில் சேர்ந்ததும் ஈஸ்ட்டில் உள்ள நொதி அதைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக வெட்டிவிடும். இந்த இரண்டும் மாவின் புரதத்தோடு சேர்ந்து மிகச் சீக்கிரம் பழுப்பாகும். உள்ளே வேகும் முன் வெளியே கருகியது அதனால்தான்.

மேப்பிள் 60 கிராம், தண்ணீர் 200 கிராம் என்று மாற்றிப் பாருங்கள். பாகுக்குள் 20 கிராம் தண்ணீர் இருப்பதால் மொத்தம் 220, சரியாக 55 சதவீதம். சர்க்கரை 10 சதவீதம், எல்லைக்குள் நிற்கும். சாதாரண ஈஸ்ட்டே போதும்.

புதுக்கை:

நொதி அண்ணா, ரொம்ப நன்றி. பாகுல தண்ணி இருக்குங்கிறதையே நான் யோசிக்கலை. ஆனா ஒரு சந்தேகம். 120 கிராம் போட்டே வாசனை வரலைன்னா, 60 கிராம்ல எப்படி வரும்?

வட்டம்37:

வாசனை வேணும்னா கொதிக்கிற தண்ணியில போடுங்க! கனடாவுல மான்ட்ரியல் பேகலை அப்படித்தானே பண்றாங்க, தேன் கலந்த தண்ணியில வேகவெச்சு விறகடுப்புல சுடுவாங்க. தேனுக்குப் பதில் மேப்பிள். ரெண்டு லிட்டர் தண்ணிக்கு 60 மில்லி ஊத்துங்க. நான் எப்பவும் அப்படித்தான் செய்றேன், நிறம் தங்கம் மாதிரி வரும்.

பாகுப்பதம்:

வட்டம், நிறம் வரும்னு நீங்க சொல்றது சரி. வாசனையில எனக்கு உடன்பாடு இல்லை. நானே நிறுத்துப் பார்த்தது இது: 25 கிராம் பேகலை ரெண்டு பக்கமும் வேகவெச்சு எடுத்தா 26, 27 கிராம் இருக்கும். உள்ளே போனது ஒண்ணு ரெண்டு கிராம் தண்ணி. ரெண்டு லிட்டர்ல 60 மில்லின்னா நூத்துக்கு மூணு பங்கு பாகு. அப்போ ஒரு பேகலுக்குக் கிடைக்கிறது ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்குகூட இல்லை. நாக்குக்கு அது எட்டாது. மீதி அவ்வளவும் வேலை முடிஞ்சதும் கழுவுதொட்டிக்குப் போகுது. மேப்பிள் மரத்துச் சாறு சுமார் 40 லிட்டர் காய்ச்சினாத்தான் ஒரு லிட்டர் பாகு. அதைக் கொட்ட எனக்கு மனசு வரலை.

புதுக்கை, எந்த நிறப் பாகு வாங்கினீங்க?

புதுக்கை:

ரொம்ப வெளிர் நிறம். பாட்டில்ல கோல்டன்னு போட்டிருக்கு. அதுதான் உசத்தின்னு நினைச்சு வாங்கினேன்.

பாகுப்பதம்:

அங்கேதான் பாதி வாசனை போச்சு.

பாகுக்கு நாலு நிறப் பிரிவு உண்டு: கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க். இது தரத்துல மேல கீழங்கிற வரிசை இல்லை, ருசி எவ்வளவு கனம்ங்கிற வரிசை. குளிர்காலம் முடியுற நேரத்துல, ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகுற நாட்கள்லதான் மரத்துல சாறு இறங்கும். பருவத்தோட ஆரம்பத்துல வர்ற சாறு வெளிர் பாகு தரும். நாள் போகப் போக வெயில் ஏறும், சாறுல நுண்ணுயிர் பெருகி சுக்ரோஸைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும். அந்த உடைஞ்ச சர்க்கரை காய்ச்சும்போது கூடுதலா சிவந்து, நிறமும் ருசியும் ஏறின பாகா மாறும். வெளிர் பாகை நேரா ஊத்திச் சாப்பிட்டா அருமையா இருக்கும், ஆனா ஈஸ்ட்டும் மாவும் சேர்ந்த வாசனைக்கு முன்னால அது நிக்காது. ஓவனுக்குப் போற எதுக்கும் டார்க், முடிஞ்சா வெரி டார்க் எடுங்க.

ஆனா டார்க் எடுத்தாலும் மாவுக்குள்ளே போட்டா பாதி வீண்தான். மேப்பிளோட வாசனைப் பொருள்கள் பல, சூட்டுல ஆவியாகிற ரகம். ஓவன்ல சுடும்போது வீடெல்லாம் மணக்கும், அந்த மணம் பேகலை விட்டுப் போயிட்டதுன்னு அர்த்தம். அதனால பாகு கடைசியா, வெந்ததுக்கு அப்புறம், வெளியே போகணும்.

சின்னப் பேகலுக்கு இது இன்னும் பொருந்தும். 100 கிராம் பேகலை 25 கிராமாச் சுருக்கினா, கிராமுக்குக் கிராம் மேல்தோல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆயிடும். கடிக்கிற ஒவ்வொரு வாயிலும் தோல்தான் அதிகம். ருசியைத் தோல்ல வெச்சா முழுசும் நாக்குக்கு வரும்.

அடுப்பங்கரை:

பாகுப்பதம் சொன்னதை நானும் வழிமொழியறேன்பா. நான் செய்யற விதம் இது. நூறு கிராம் டார்க் பாகை உயரமான சின்னப் பாத்திரத்துல ஊத்தி, ஒரு சிட்டிகை உப்பு, கடுகளவு வெண்ணெய். அந்த வெண்ணெயை விட்டுடாதே, அது இல்லைன்னா பாகு நுரைச்சு அடுப்பு மேல வழியும். நடுத்தீயில வெச்சு, கம்பிப் பதம் தாண்டி, தண்ணியில ஒரு சொட்டு விட்டா இளசாத் திரளணும். அப்போ இறக்கு. பேகலும் சூடா இருக்கணும், பாகும் சூடா இருக்கணும், பிரஷ்ல ஒரே பூச்சு. ஆறினதும் கையில ஒட்டாத மெல்லிய ஏடு மாதிரி நிக்கும்.

பதம் தவறி முத்திப்போச்சுன்னா பயப்படாதே. ஒரு ஸ்பூன் தண்ணி விட்டுத் திரும்பச் சூடாக்கு, இளகிடும்.

தராசு:

தெர்மாமீட்டர் இருந்தால்: தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 12 டிகிரி அதிகம். பெரும்பாலான இடங்களில் அது 112 டிகிரி செல்சியஸ். மலைப்பகுதியில் தண்ணீர் கொதிக்கும் சூடே குறைவு என்பதால் அங்கே கணக்கு மாறும்.

இல்லாவிட்டால் பாத்திரத்தோடு நிறுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பாகு 82, 83 கிராமுக்கு வந்தால் அதே பதம்.

மால்ட்மட்டும்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பேகல் என்ற பெயர் போலந்தின் கிராக்கோவ் நகர யூத சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிகளிலேயே வருகிறது. நாலு நூற்றாண்டு தாண்டிய பண்டம் அது. நியூயார்க் பாணியில் அதற்குரிய இனிப்பு பார்லி மால்ட் சிரப், அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் பாகு. மேப்பிள் பூசியது வேறு ஏதோ ஒன்று, அதை வளைய பன் என்று சொல்லுங்களேன்.

நொதி:

மால்ட் மீது உங்களுக்கு உள்ள மதிப்பு எனக்கும் உண்டு. அந்த மண்ணின் மணமும் லேசான கசப்பும் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் ஒரு பண்டத்தைப் பேகலாக்குவது இனிப்பா, செய்முறையா என்று கேட்டால் நான் செய்முறை என்பேன். இறுக்கமான மாவு, மெதுவான நொதிப்பு, கொதிநீர், பிறகு ஓவன். கொதிநீரில் மேல்தோலில் உள்ள மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துக் கூழாகி இறுகும். அதனால்தான் பளபளப்பு வருகிறது, ஓவனில் கட்டுக்கு மீறி உப்பாமல் உள்ளே அடர்த்தியாக நிற்கிறது. வேகவைக்காமல் ஆவி மட்டும் காட்டிச் சுட்டால் அது பன் என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

உங்கள் பேச்சிலிருந்து ஒரு யோசனை வருகிறது. மாவுக்குள் மேப்பிளுக்குப் பதில் மால்ட்டையே போட்டால் என்ன? உள்ளே மால்ட், வெளியே மேப்பிள். விலையுயர்ந்த பாகு முழுவதும் வேலை செய்யும் இடத்துக்குப் போகும்.

மால்ட்மட்டும்:

அது எனக்குச் சம்மதம். 400 கிராம் மாவுக்கு 15 கிராம் மால்ட் சிரப் போதும். தண்ணீரை 215 ஆக்கிக்கொள்ளுங்கள்.

புதுக்கை:

ரெண்டு விதமும் செஞ்சு பார்க்கப் போறேன். அதுக்கு முன்னாடி உருட்டுறது பத்திச் சொல்லுங்களேன். சின்னதா உருட்டினா ஓட்டை மூடிக்குது. வெந்து வந்ததும் தொப்புள் மாதிரி ஒரு குழி மட்டும் தெரியுது.

அடுப்பங்கரை:

சின்னதுக்குக் கயிறாத் திரிச்சு ஒட்டுற முறை வேணாம்மா. ஒட்டின இடம் அத்தனை சின்ன வளையத்துல தடிச்சு நிக்கும், கொதியில பிரியும். 25 கிராம் உருண்டையா நிறுத்து, மேசை மேல உள்ளங்கையைக் குவிச்சு வெச்சுச் சுழட்டு, மேல்தோல் இழுத்துப் பிடிக்கற வரைக்கும். அப்புறம் மூடி வெச்சுப் பத்து நிமிஷம் விட்டுடு. இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. ஓய்வு எடுக்காத மாவு ரப்பர் மாதிரி சுருங்கி ஓட்டையை மூடும்.

பிறகு மரக்கரண்டிக் காம்பை மாவுல தொட்டு நடுவுல குத்து. காம்புலயே மாட்டிச் சுத்து சுத்துன்னு சுத்தி, உன் கட்டைவிரல் தாராளமாப் போய்வர்ற அளவுக்கு ஓட்டை ஆகணும். பார்க்க அதிகமாத் தெரியும், பரவாயில்லை. உப்பும்போதும் வேகும்போதும் பாதி மூடிடும்.

நொதி:

உருட்டியதும் எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் அடுக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் 10 முதல் 12 மணி நேரம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், ருசி கூடும். குளிர்ந்த மாவு கையாளவும் இறுக்கமாக இருக்கும், சின்ன வளையங்களுக்கு அது பெரிய உதவி. காலையில் ஒன்றை மட்டும் எடுத்துக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். பத்து விநாடிக்குள் மிதந்தால் எல்லாம் தயார். அடியிலேயே கிடந்தால் வெளியே வைத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

வேகவைப்பது ஒரு பக்கம் 20 விநாடி, அதற்கு மேல் வேண்டாம். பெரிய பேகலுக்கு ஒரு நிமிடம் வைத்துப் பழகியிருப்பீர்கள். அதே நேரம் சின்னதுக்கு வைத்தால் தோல் தடித்து, ஆறியதும் சுருங்கிவிடும். ரெண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் சோடா போடுங்கள், காரத்தன்மை தோலைச் சீக்கிரம் சிவக்க வைக்கும். வட்டம் சொன்ன தங்க நிறம் அதிலேயே வந்துவிடும்.

வட்டம்37:

நேத்து ராத்திரி ஒரே மாவுல பாதியை மேப்பிள் தண்ணியிலயும் பாதியை சோடா தண்ணியிலயும் போட்டேன். எது எதுன்னு தெரியாம வீட்டுல மூணு பேருக்குக் கொடுத்தேன். நிறத்துல சோடா போட்டதுதான் இன்னும் ஆழமா இருந்தது. ருசியில மூணு பேராலயும் வித்தியாசம் சொல்ல முடியலை, என்னாலயும்தான். பாகுப்பதம் சொன்னது சரி. இனிமே பாகைத் தண்ணியில ஊத்த மாட்டேன்.

பாகுப்பதம்:

சோதிச்சுப் பார்த்து எழுதினதுக்கு நன்றி வட்டம். இப்படி ஒருத்தர் செஞ்சு சொன்னாத்தான் அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

இன்னொண்ணு. மேப்பிள் சுவைன்னு மட்டும் போட்ட பான்கேக் சிரப்பை யாரும் வாங்கிடாதீங்க. பல பிராண்டுல அது சோளச் சிரப்பும் வாசனைப் பொருளும்தான், காய்ச்சினா இந்தப் பதமும் இதே மாதிரி வராது. நம்ம வெந்தயத்துல இருக்கிற சோட்டலான்கிற பொருள்தான் மேப்பிள் மாதிரி மணக்கும், செயற்கை மேப்பிள் எசன்ஸுக்கு வெந்தயச் சாறும் பயன்படுது. பழைய வெந்தய டப்பாவைத் திறந்து மோந்து பாருங்க, தெரியும். நான் அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதுக்கை:

நாலாவது முயற்சி. நேத்து ராத்திரி பிசைஞ்சு, இன்னைக்குக் காலையில சுட்டேன்.

ரெண்டு பிரிவாப் பிரிச்சேன். ஒண்ணு நொதி அண்ணா சொன்ன 60 கிராம் மேப்பிள், இன்னொண்ணு 15 கிராம் மால்ட். மாவு ரெண்டுமே இறுக்கமா, கை வலிக்கிற அளவுக்கு. பன்னிரண்டு நிமிஷம் பிசைஞ்சேன். மேப்பிள் மாவு மட்டும் நாலு நிமிஷம் கூடுதலாக் கேட்டுச்சு. காலையில மால்ட் வளையம் உடனே மிதந்தது, மேப்பிள் வளையத்துக்கு வெளியே வெச்சு இன்னும் அரை மணி நேரம் ஆச்சு.

220 டிகிரி, நடுத்தட்டு, ரெண்டு ட்ரேயை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சேன், அடி கருகக்கூடாதுன்னு. பன்னிரண்டு நிமிஷம். தெர்மாமீட்டரைக் குத்தினா உள்ளே 95 டிகிரி. ஒண்ணுகூடக் கருகலை. ஓட்டை ஓட்டையாவே இருந்தது அக்கா!

அடுப்பங்கரை அக்கா சொன்ன பாகைப் பூசினேன். ரெண்டையும் கடிச்சுப் பார்த்தேன். முதல் கடியிலேயே மேப்பிள், சந்தேகமே இல்லை. ரெண்டுல எனக்குப் பிடிச்சது மால்ட் பேகல்தான். உள்ளே அதிகம் இனிப்பில்லாம, லேசாக் கசந்து, அது மேல பாகு படியும்போது மேப்பிள் தனியாத் தெரிஞ்சது. உள்ளேயும் மேப்பிள் போட்டது மென்மையா, பன் பக்கம் சாய்ஞ்சது. வீட்டுல குழந்தைகள் அதைத்தான் கேக்கறாங்க, அதையும் சொல்லணும்.

மால்ட்மட்டும்:

படிக்கவே நிறைவாக இருக்கிறது. வளைய பன் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

அடுப்பங்கரை:

ரொம்ப சந்தோஷம் கண்ணு. அடுத்த தடவை பாகு பூசின கையோட, இளம் ஈரமா இருக்கும்போதே வறுத்து உடைச்ச வால்நட்டைத் தூவிப் பாரு. அதுல ஒரு சிட்டிகை கல் உப்பும் சேர்த்துக்கோ.

புதுக்கை:

செய்றேன் அக்கா. கடைசியா ஒரு கேள்வி. மிச்சம் வெச்சது சாயந்திரத்துக்குள்ள மேலெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

நொதி:

ஃப்ரிட்ஜ் வேண்டாம். ரொட்டி சீக்கிரம் காய்ந்து கட்டியாவது அந்தக் குளிரில்தான், வெளியே இருப்பதைவிட வேகமாக. பிசுபிசுப்புக்குக் காரணம் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுப்பது, அதைத் தடுக்க முடியாது. அன்று சாப்பிடுவதற்கு மட்டும் பாகு பூசுங்கள். மற்றதைப் பூசாமல் முழுக்க ஆறவைத்து, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது உறைந்தபடியே 170 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிடம், வெளியே எடுத்ததும் பாகு. காய்ச்சிய பாகு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூடி வையுங்கள். சில நேரம் பூத்துக் கட்டியாகும், சூடாக்கினால் பழைய நிலைக்கு வரும்.

பாகுப்பதம்:

அப்படிப் பூத்துப்போனதைத் தூக்கிப் போடாதீங்க. லேசாச் சூடாக்கி, ஆறவெச்சு, கரண்டியால விடாமக் கிளறினா வெண்ணெய் மாதிரி மேப்பிள் கிரீம் கிடைக்கும். பேகலைக் குறுக்க வெட்டி அதைத் தடவிக்கலாம்.

புதுக்கை:

ஃப்ரீசர்ல பதினாலு வெச்சிருக்கேன். கிரீமுக்கு இன்னைக்கே அரைக் கிண்ணம் பாகு ஒதுக்கியாச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு வந்து எழுதறேன்.